தி.நகரில் கார் நிறுத்த இடம் காட்டும் ஆப்: இந்த யோசனை எடுபடுமா?

போரூர் பொறியாளர் கேட்டது:

வணக்கம். நானும் என் கல்லூரி நண்பனும் வேலைக்குப் போய்க்கொண்டே ஓர் ஆப் எழுதி வருகிறோம். ஆண்ட்ராய்டில் முதல் வடிவம் ஓடுகிறது. தி.நகர், மயிலாப்பூர், புரசைவாக்கம் மாதிரி கடைத்தெருக்களுக்குக் காரில் வருகிறவர்களுக்கு, எங்கே இடம் காலியாகிறது என்று காட்டுவதுதான் நோக்கம். காரை எடுக்கப் போகிறவர் 'கிளம்புகிறேன்' என்று ஒரு பட்டனைத் தட்டுவார். பக்கத்தில் இடம் தேடிச் சுற்றுகிறவருக்கு அது வரைபடத்தில் தெரியும். இடம் கிடைத்தவர் பத்து ரூபாய் கட்டுவார். அதில் பாதி இடம் விட்டவருக்கு, பாதி எங்களுக்கு.

தி.நகரில் தொடங்கலாம் என்று இருக்கிறோம். பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலையால் சாலை சுருங்கிக் கிடக்கிறது. தணிகாசலம் சாலையில் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி நிறுத்தத்தில் 200 கார்களுக்கு மேல் நிற்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிற கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு?

எங்களிடம் இருப்பது கொஞ்சம் சேமிப்புதான். சாலையில் சென்சார் பதிக்கிற அளவுக்கெல்லாம் வசதி இல்லை. இதற்கு மக்கள் பணம் கொடுப்பார்களா? முதலில் யாரைப் பிடிப்பது? இந்த வேலை தெரிந்தவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். முழுநேரமாக இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் இது.

கோட்டூர்புரம் மீனா:

நான் வரைபடம் சார்ந்த மென்பொருள் துறையில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதைக் கூகுள் 2010இல் 'ஓப்பன் ஸ்பாட்' என்ற பெயரில் செய்து பார்த்தது. கிளம்புகிறவர் தான் விட்ட இடத்தைக் குறித்துவிட்டுப் போவார். அது முதலில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும், நேரம் போகப்போக ஆரஞ்சு, மஞ்சள் என்று மாறி, 20 நிமிடத்தில் மறைந்துவிடும். இலவசமாகவே கொடுத்தார்கள். அப்படியும் நிலைக்கவில்லை. கிளம்புகிற அவசரத்தில் போனை எடுத்துத் தட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? ஒரு தெருவில் நிற்கிற கார்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் உங்கள் ஆப்பை வைத்திருந்தால்தான் வரைபடம் உண்மையைச் சொல்லும். அந்த நிலை வருவதற்குள் உங்கள் சேமிப்பு தீர்ந்துவிடும்.

2017இல் அதே கூகுள், அமெரிக்காவின் 25 நகரங்களில் வேறு வழியில் வந்தது. காலி இடத்தைக் காட்டாமல், நீங்கள் போகிற பகுதியில் இடம் கிடைப்பது சுலபமா கஷ்டமா என்று மட்டும் வரைபடத்தில் சொன்னது. அவர்களே அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

பணம் வாங்குவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. பொதுச் சாலையில் தான் நிற்கிற இடத்தை அடுத்தவருக்கு ஏலம் விட 'மங்கி பார்க்கிங்' என்ற ஆப் வழி செய்தது. 2014இல் சான்பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் அதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். அதே ஆண்டு பாஸ்டனில் 'ஹேஸ்டாக்' என்ற இன்னொரு ஆப்புக்கும் தடை வந்தது. சாலை ஊருக்குச் சொந்தம், அதை விற்க நீ யார் என்பதுதான் இரண்டு இடத்திலும் எழுந்த கேள்வி. இங்கேயும் அந்தக் கேள்வி வரும்.

நிலைத்து நின்றவர்கள் தனியார் இடத்தைப் பிடித்தவர்கள். பிரிட்டனில் 2006இல் தொடங்கி இப்போது 'ஜஸ்ட்பார்க்' என்ற பெயரில் இருக்கிற நிறுவனம், வீட்டு வாசலில் சும்மா கிடக்கிற இடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விட வைத்தது. நம் ஊரில் பார்க்கிங்கில் ஆரம்பித்த 'பார்க் பிளஸ்' இன்று பாஸ்டேக், சலான், காப்பீடு என்று எல்லாமே செய்கிறது. பார்க்கிங்கை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று அதிலிருந்தே தெரிகிறது.

சைதாப்பேட்டை ஆக்டிங் டிரைவர்:

தம்பி, எனக்கு ஆப் எழுதத் தெரியாது. கார் ஓனர்கள் கூப்பிடுகிற நாளில் மட்டும் போய் அவர்கள் வண்டியை ஓட்டிக் கொடுக்கிறவன் நான். ஆனால் தி.நகரில் கார் நிறுத்துவதுதான் என் பிழைப்பில் பாதி. சனி, ஞாயிறு என்றால் பெரும்பாலும் அங்கேதான் டூட்டி. பட்டு எடுக்க, நகை எடுக்க, ரிசப்ஷனுக்கு. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஓனர் வீட்டு அம்மா முழங்கால் வலியோடு உஸ்மான் ரோட்டில் இறங்கி, ஒரு காலைப் பிளாட்பாரத்தில் வைப்பதற்குள் விசில் சத்தம் கேட்கும். கதவைச் சாத்தியதும் வண்டி நகர்ந்தாக வேண்டும். அங்கிருந்து வெங்கட்நாராயணா ரோடு, திருப்பதி தேவஸ்தானக் கோயில், திரும்பி ஜி.என்.செட்டி ரோடு, பசுல்லா ரோடு என்று ஒரு சுற்று. சந்துக்குள் நுழைந்தால் வாசலுக்கு வாசல் பூந்தொட்டி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கட்டிய கயிறு. கொஞ்சம் வேகம் குறைத்தாலே மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டை மறித்து நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்குள் போய்க் காணாமல் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்தாயிற்று. நோ பார்க்கிங்கில் மாட்டினால் 500 ரூபாய். சலான் ஓனர் போனுக்குத்தான் போகும், ஆனால் அதை எங்கள் பேட்டாவில் கழிக்கிறவர்கள் உண்டு.

இதில் உங்கள் பட்டன் எப்படி வேலை செய்யும்? ஒருவர் கிளம்புவதை நான் நாலு தெரு தள்ளிப் பார்த்து, ஒருவழிப் பாதையெல்லாம் சுற்றி வருவதற்குள், அவர் பின்னாலேயே இண்டிகேட்டர் போட்டு நின்றவர் உள்ளே நுழைந்திருப்பார். 'நான் பத்து ரூபாய் கட்டியிருக்கிறேன், இது என் இடம்' என்று அவரிடம் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும்.

கேட் உள்ள இடத்தைப் பிடியுங்கள். கேட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்து தி.நகரில் தெருவுக்குத் தெரு இருப்பது கல்யாண மண்டபத்தில்.

இதை நான் ரொம்ப நாளாக யோசித்து வைத்திருக்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபத்துக் கேட்டில் சங்கிலி தொங்கும். உள்ளே சிமென்ட் தரையில் வரிசையாகக் கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கும், ஒரு வண்டி இருக்காது. வாட்ச்மேன் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டுக்கு வெளியே ஆடித் தள்ளுபடிக்கு வந்த கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மார்கழியும் அப்படித்தான். முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி. ஆனால் வாணி மகால், கிருஷ்ண கான சபா, அந்தப் பக்கம் மியூசிக் அகாடமி என்று கச்சேரிக்கு வருகிற பெரியவர்கள் நிறுத்த இடமில்லாமல் தவிப்பார்கள். தீபாவளிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமாவாசையை ஒட்டித் தீபாவளி வருவதால் அதற்கு முந்தைய இரண்டு வாரமும் தேய்பிறை. வளர்பிறை முகூர்த்தம்தான் வேண்டும் என்கிற குடும்பங்கள் அப்போது தேதி வைக்காது. கடைத்தெருவில் கூட்டம் நெரிகிற அதே நாட்களில் நிறைய மண்டபம் சும்மா கிடக்கும். பஞ்சாங்கம் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே கைக்கு வந்துவிடுகிறது. அதை உங்கள் ஆப்பில் ஏற்றுங்கள். எந்த நாளில் எந்த மண்டபம் காலியாக இருக்கும் என்பதைச் சென்சார் இல்லாமலே முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

அடுத்தது வாட்ச்மேன். இன்றைக்கும் தெரிந்த டிரைவர் போனால் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்துக்கு அது பெரிய காசு. அதை நிறுத்திவிட்டு முழுப் பணத்தையும் ஓனர் கணக்குக்கு அனுப்பினீர்கள் என்றால், உங்கள் ஆப் 'இடம் இருக்கிறது' என்று சொல்லும், கேட்டில் அவர் 'ஃபுல்' என்பார். ஒவ்வொரு வண்டிக்கும் அவருக்கு ஒரு பங்கு அன்றைக்கே அவர் போனுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, இதை எந்த ஆப்காரரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. வண்டி நிற்கும்போது நாங்களும் அங்கேதான் இருக்கிறோம். ஏசி போட்டு உட்கார்ந்தால் டீசல் கணக்குக் கேட்பார்கள், அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருப்போம். சிறுநீர் கழிக்க இடம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர். கல்லடைப்பு வந்து ஆபரேஷன் வரைக்கும் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். மண்டபத்தில் கழிப்பறை இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, உட்கார நிழல் இருக்கிறது. இதை எல்லாம் சேர்த்து நீங்கள் கொடுத்தால், எந்த ஆப்பில் பார்க்கிங் போடலாம் என்று ஓனர் கேட்கும்போது நாங்கள் உங்கள் பெயரைத்தான் சொல்வோம். முதலில் யாரைப் பிடிப்பது என்று கேட்டீர்களே, எங்களைப் பிடியுங்கள். ஆக்டிங் டிரைவர்களுக்கு ஏரியாவுக்கு ஏரியா வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

போரூர் பொறியாளர்:

அண்ணா, பஞ்சாங்கத்தை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நேற்று இரவு நண்பனிடம் இதைப் படித்துக் காட்டினேன். சாலை யோசனையை விட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். மீனா, நீங்கள் சொன்ன சட்ட விஷயமும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது எங்கள் கேள்வி, மண்டபக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா? அவர்களுக்கு ஒரு நாள் கல்யாண வாடகையே லட்சக்கணக்கில் வருகிறது. மணிக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் கார் காசுக்குக் கேட்டைத் திறப்பார்களா?

மாம்பலம் மண்டப மேலாளர்:

எங்கள் குடும்பத்துக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு மண்டபம். புக்கிங் நான்தான் பார்க்கிறேன். ஆடி மாதம் பூராவும் வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில், சொத்துவரி எல்லாம் கைக்காசு. அதில் கொஞ்சம் திரும்ப வந்தால்கூட எனக்குச் சந்தோஷம்தான். ஒத்துக்கொள்வோம். ஆனால் எங்கள் பயங்களைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

முதல் பயம், போகாத கார். மறுநாள் காலையில் நிச்சயதார்த்தம் இருக்கிறது. விடியற்காலையில் சமையல்காரர் வண்டி பாத்திரத்தோடு வந்து நிற்கும். அந்த வழியில் யாரோ ஒருவர் காரை விட்டுவிட்டுப் போனை அணைத்துப் போட்டிருந்தால் நான் என்ன செய்வது? இரவு ஒன்பதரைக்கு மேல் எந்த வண்டியும் உள்ளே இருக்கக் கூடாது. முன்பணம் பிடித்து வையுங்கள், நேரம் தாண்டினால் அதிலிருந்து கழியட்டும். நேரம் முடிய அரை மணி இருக்கும்போதே கார்க்காரருக்குப் போன் போக வேண்டும். வெறும் மெசேஜ் போதாது.

இரண்டாவது, கீறல். வெளியே போகும்போது பம்பரைத் தடவிப் பார்த்து, 'உள்ளே விடும்போது இது இல்லை' என்பார்கள். வண்டி நுழையும்போதே நாலு பக்கமும் படம் எடுத்து ஆப்பில் ஏற்றிவிடுங்கள். சாவியை நாங்கள் வாங்க மாட்டோம். ஒன்றின் பின் ஒன்றாக அடைத்து நிறுத்துகிற வேலையும் வேண்டாம்.

டிரைவர் அண்ணன் சொன்ன பஞ்சாங்கக் கணக்கில் ஒரு திருத்தம். தெலுங்குக் குடும்பங்கள் சாந்திரமான மாதம், அதாவது சந்திரனை வைத்துக் கணக்கிடுகிற மாதம் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆஷாடம் முடிந்து சிராவணம் பிறந்துவிட்டால் கல்யாணம் நடக்கும். அது பெரும்பாலும் நம் ஆடிக்குள்ளேயே பிறந்துவிடும். எங்கள் பக்கத்தில் அப்படி நல்ல புக்கிங் வரும். அதனால் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பாமல், மண்டபத்தின் புக்கிங் டைரியையும் பார்த்துத்தான் தேதி திறக்க வேண்டும். அந்த டைரி இன்னும் எங்கள் மேஜையில் பேனாவால் எழுதுகிற நோட்டுதான். அதை ஆப்பில் ஏற்றும் வேலையை நீங்களே எடுத்துச் செய்தால், அதற்காகவே நிறையப் பேர் உங்களோடு சேருவார்கள்.

கழிப்பறை விஷயம் நியாயம். டிரைவர்களுக்குக் கீழ்த்தளத்தில் இருப்பதைத் திறந்துவிடலாம். சுத்தம் செய்கிற அம்மாவுக்கு அன்றைய கூலியை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

போரூர் பொறியாளர்:

சார், மிக்க நன்றி. ஒரே ஒரு மண்டபம், ஆடி மாதத்து சனி, ஞாயிறு மட்டும் என்று ஆரம்பிக்கிறோம். டைரியை ஏற்றும் வேலையை நண்பன் எடுத்துக்கொள்கிறான். உங்களை நேரில் வந்து பார்க்கலாமா?

மாம்பலம் மண்டப மேலாளர்:

தாராளமாக வாங்க. தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். முகூர்த்த நாளில் மட்டும் வராதீர்கள், பேச முடியாது.

சைதாப்பேட்டை ஆக்டிங் டிரைவர்:

தம்பி, போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். இன்னோவாவைக் கொண்டுவந்து கேட்டில் திருப்பிப் பார்ப்போம். தி.நகர், மாம்பலம் பக்கம் சில மண்டபத்தில் வாசல் அகலமாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே நுழைந்ததும் தூண் இடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய வண்டிக்கு புக்கிங் கொடுத்துவிட்டால் பின்னால் வருகிற ஐந்து வண்டியும் தெருவில் நிற்கும். எந்த வரிசையில் எந்த வண்டி என்று அங்கேயே சாக்பீஸால் கோடு போட்டுத் தருகிறேன்.