வரைபடம் கையில் இருந்தால் மிதிவெடியை எடுத்துவிட முடியுமா? முகமாலை அனுபவம் என்ன சொல்கிறது?

மதுரைக்காரன்:
மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997 ஒட்டாவா ஒப்பந்தத்தை விட்டு விலக ஃபின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்து நாடுகளும் 2025-இல் முடிவெடுத்தன. பக்கத்தில் ரஷ்யாவை வைத்துக்கொண்டு அவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் இதையொட்டிப் பேசுகிறவர்கள், "எங்கே புதைத்தோம் என்று வரைபடம் போட்டு வைப்போம், போர் முடிந்ததும் எடுத்துவிடுவோம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. இலங்கையில் 2009 மே மாதமே போர் முடிந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தப்படி வேலையை முடிக்க அந்த நாட்டுக்கு 2028 ஜூன் வரை கெடு கொடுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு காலம் ஏன் பிடிக்கிறது? வரைபடம் இல்லாததாலா, இருந்தும் உதவாததாலா? இயந்திரத்தை விட்டு உழுதுவிட்டால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடலி:
வரைபடம் ஓரளவு இருந்தது. ஆனால் அது புதைத்த அன்றைய நிலத்தைத்தான் காட்டும்.

முகமாலை ஏ9 வீதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று முன்னரங்கு நிலைத்தது. 2009 தொடக்கம் வரை இரு தரப்பும் அங்கேயே எதிரெதிரே இருந்தன. அரண் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்தபோதெல்லாம் பழைய வரிசைக்கு மேல் புதிய வரிசை புதைக்கப்பட்டது. இராணுவம் புதைத்ததில் பெரும்பகுதி பாகிஸ்தான் தயாரிப்பான பி4. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வட்டு, அதற்குள் சுமார் 30 கிராம் வெடிமருந்து. புலிகள் தரப்பில் மரப்பெட்டியில் செய்த ஜொனி, பி4-ஐப் பார்த்துச் செய்த ரங்கன் 99. பெட்டி உக்கிப் போனால் உள்ளே இருக்கும் மருந்தும், அதை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டரும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கலாம்.

ஒழுங்கான இடைவெளியில் வரிசையாகப் புதைத்த இடம் என்றால் வேலை கொஞ்சம் இலகு. இரண்டைக் கண்டதும் மூன்றாவது எங்கே என்று கணிக்கலாம். சிக்கல் அந்த மூன்றாவது அங்கே இல்லாதபோதுதான். மாடு மிதித்து வெடித்ததா? ஷெல் விழுந்து தூக்கி எறிந்ததா? மழை வெள்ளம் அரித்துக்கொண்டு போனதா? யாராவது எடுத்து வேறிடத்தில் புதைத்தார்களா? வெடித்த குழியோ பிளாஸ்டிக் துண்டோ கிடைத்தால் கணக்குத் தீரும். கிடைக்காவிட்டால் இரு பக்கமும் அகலப்படுத்தித் தேட வேண்டும். இப்படி ஒவ்வொரு வெற்றிடமும் நாள்களைத் தின்னும்.

அடுத்தது இரும்பு. பி4-இல் உலோகம் மிகச் சொற்பம். அதைப் பிடிக்கிற அளவுக்கு உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைக் கூர்மையாக வைத்தால் ஷெல் துண்டு, துப்பாக்கிச் சன்னத்தின் வெற்றுக் கோது, முள்ளுக்கம்பி எல்லாவற்றுக்கும் சத்தம் போடும். பத்து வருடம் எறிகணை விழுந்த நிலத்தில் சத்தம் ஓயாது. அதனால் முகமாலை மாதிரி இடங்களில் பல பகுதிகளில் கருவியை நம்பாமல் மண்ணையே முழுதாக வாருகிறார்கள். ஒரு மீட்டர் அகலப் பாதை. முன்னால் அடிக்கோலாக ஒரு தடி, அதைத் தாண்டி உடம்பின் எந்தப் பகுதியும் போகக்கூடாது. முதலில், கால் தட்டினால் வெடிக்க வைக்கும் இழுவைக் கம்பி உண்டா என்று பார்ப்பது, பிறகு புல்லையும் கொடியையும் கத்தரியால் அடி அடியாக வெட்டி எடுப்பது. நீண்ட பிடி வைத்த இலேசான வாரியால் மேல் மண்ணையும், கனமான வாரியால் கீழ் மண்ணையும் குறித்த ஆழம் வரை இழுப்பது. மணல் நிலத்துக்கு இது நல்ல முறை. கோடையில் இறுகிய களிமண்ணில் செல்லாது, தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும்.

கருவி வேலை செய்யும் இடத்தில் சத்தம் வந்த புள்ளிக்கு நேர் மேலே கை வைப்பதில்லை. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் முன்னாலேயே தோண்டத் தொடங்கி, பக்கவாட்டிலிருந்து அணுகுவார்கள். மிதிவெடி மேலிருந்து வரும் அழுத்தத்துக்கு வெடிப்பது, விலாவைத் தொட்டால் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். புரண்டு பக்கவாட்டாகக் கிடக்கும் வெடிக்கு இந்தக் கணக்குச் செல்லாது. அனுபவம் உள்ளவர்களுக்கும் விபத்து நேர்வதற்கு அது ஒரு காரணம்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சங்கிலி சுழற்றி அடிக்கும் வண்டி திறந்த வெளியில் உதவும். பனை வேர், பதுங்குகுழி, மண் அணை உள்ள இடத்தில் அது சில வெடிகளை வெடிக்க வைக்கும், சிலதை உடைத்துச் சிதற விடும், சிலதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். பின்னால் எப்படியும் மனிதர்தான் போக வேண்டும். இடிந்து மூடிய பதுங்குகுழிக்குக் கவசம் பூட்டிய தோண்டும் இயந்திரம் அவசியம். மண்ணை அள்ளி, கெட்டியான தளத்தில் மெல்லியதாகப் பரப்பிக் கண்ணால் பார்ப்பார்கள்.

காட்டுக்குத் தீ வைத்தால் வெடித்துத் தீர்ந்துவிடும் என்று சொல்வதை நம்பவே வேண்டாம். பாதி உருகிய வெடி முன்னைவிட ஆபத்தானது.

சிகிச்சைப்பிரிவு:
எடுப்பது ஒரு பக்கம். எடுப்பதற்குள் மிதித்தவருக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

30 கிராம் வெடி பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, பாதத்தைக் கொண்டுபோகிறது. வெடிப்பின் வேகம் மண், செருப்புத் துண்டு, புல், எலும்புச் சில்லு எல்லாவற்றையும் தசைகளுக்கு இடையே மேல் நோக்கி அடித்து ஏற்றுகிறது. வெளியே கணுக்காலோடு போனதாகத் தெரியும். உள்ளே கெண்டைக்கால் வரை அழுக்கு ஏறியிருக்கும். அதனால்தான் அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு மேலே வெட்டுகிறார். வெட்டியதும் தைத்து மூடக்கூடாது. மூடினால் உள்ளே சீழ் பிடித்து, இரண்டாவது முறை முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டிவரும். காயத்தைத் திறந்தே விட்டு, சுத்தமாக இருந்தால் நாலைந்து நாள் கழித்துத் தைப்பதுதான் போர்க்காய அறுவையின் நெடுநாள் நடைமுறை.

சம்பவ இடத்தில் நடக்கும் பெரிய தவறு, பார்த்தவர் தூக்கப் பாய்வது. ஒரு வெடி இருந்தால் பக்கத்தில் இன்னொன்று உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காயப்பட்டவருக்கு நினைவிருந்தால், துணியாலோ பெல்ட்டாலோ காயத்துக்கு மேலே தானே இறுக்கிக் கட்டச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். பாதையை அறிந்தவர் வரும்வரை யாரும் நகரக்கூடாது.

அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செயற்கைக்கால். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளைகளுக்கு இன்னொரு வேதனை, வெட்டிய எலும்பு தோலை முந்திக்கொண்டு வளரும். நுனி தோலைக் குத்தும், மறுபடி அறுவை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் கால் செய்து கொடுத்து வருகிறது. சப்பாத்து இல்லாமல் நடக்கவும், குந்தி இருக்கவும், வயல் சேற்றில் இறங்கவும் தோதான ரப்பர் பாதம் அது. விலை உயர்ந்த கார்பன் பாதத்தைவிட நம் ஊர் வேலைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப்பிள்ளை:
"வெடி ஒன்றின் விலை 3 டாலர், எடுக்க 300 முதல் 1000 டாலர்" என்று ஐ.நா. தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு உண்டு. பேசுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் செலவு வெடிக்கு அல்ல, சதுர மீட்டருக்கு. முகமாலையில் வெடிகள் நெருக்கம், அதனால் வெடிக்கணக்கில் பார்த்தால் மலிவாகத் தெரியும். வேறிடத்தில் ஏக்கர் கணக்கில் தேடி ஒன்றே ஒன்று கிடைக்கும், ஒன்றும் இல்லாமலும் போகும். அந்த நிலத்தையும் அதே கவனத்தோடு தேடித்தான் தீர வேண்டும். இத்தனை வருடமும் வயலும் கிணறும் பனங்காணியும் உரியவருக்குக் கிடைக்காமல் இருப்பதை எந்தக் கணக்கும் சேர்ப்பதில்லை. பசி தாங்காமல் விறகுக்கும் பழைய இரும்புக்கும் உள்ளே போகிறவர்கள் அந்தக் காணிச் சொந்தக்காரர்கள்தான்.

மதுரைக்காரன்:
மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். இப்போதைய வெடிகள் பேட்டரியில் ஓடுபவை, குறித்த நாளில் தானே செயலிழந்துவிடும் என்கிறார்களே, வடலி அண்ணா?

வடலி:
பேட்டரி தீர்ந்தால் அந்த வகை வெடிக்காது என்பது சரி, தம்பி. ஆனால் மண்ணுக்குள் கிடப்பது செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று மேலே இருந்து யாராலும் சொல்ல முடியாது. அதே நிலத்தில் எதிர்த்தரப்பு புதைத்த பேட்டரி இல்லாத வெடியும், வெடிக்காத ஷெல்லும் கலந்து கிடக்கும். ஆகவே செயலிழந்ததையும் உயிருள்ளதாகவே நினைத்து, அதே ஒரு மீட்டர் பாதை, அதே வாரி, அதே வேகத்தில்தான் எடுக்க வேண்டும். விவசாயியும் நிலம் பாதுகாப்பானது என்ற சான்றிதழ் வராமல் மண்வெட்டியை வைக்க மாட்டார். வெடிமருந்தும் டெட்டனேட்டரும் உள்ளேயே இருப்பதால் கண்டெடுத்ததும் அந்த இடத்திலேயே வெடிக்க வைத்து அழிப்பதிலும் மாற்றம் இல்லை.