டென்னிஸ் பந்தின் மேலுறை: ‘துய்யுறை’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

டென்னிஸ் பந்தின் மேலே ஒட்டப்படும், ஆங்கிலத்தில் ‘felt’ எனப்படும் மேலுறைக்குத் தமிழ்ப் பெயர்களாக முன்வைக்கப்பட்ட ‘கம்பளியுறை’, ‘நெய்யாத் துணியுறை’ ஆகிய இரண்டுமே, பந்து உருவாகும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், பொருந்தாமல் போகின்றன. உயர்தரப் பந்துகளுக்கான துணி, பருத்திப் பாவில் (நீளவாட்டு நூலில்) கம்பளியும் நைலானும் கலந்த ஊடையை (குறுக்கு நூலை) ஓட்டி நெய்யப்பட்டு, பின்னர் ஈரத்திலும் சூட்டிலும் கசக்கப்பட்டு, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டிப்படுவது. அதை நெய்யாத் துணி என்பது பிழை. ஊசிகளால் குத்தியே இழைகளைப் பிணைக்கும் மலிவான வகையும் புழக்கத்தில் இருப்பதால், நெய்த துணி என்றும் பெயரிட வழியில்லை. ‘கம்பளி’ என்றாலோ நைலான் விடுபடுகிறது. போர்வையும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது.

இவ்விரு வகைக்கும் பொதுவானது மேற்பரப்பில் எழுந்து நிற்கும் மெல்லிழைதான். அதற்குத் தமிழில் ‘துய்’ என்னும் சொல் முன்பே இருக்கிறது. பஞ்சையும் பஞ்சு போன்ற நுனியையும் குறிக்கும் சொல் அது. மந்தியின் பூமயிர்த் தலையைச் சங்கப் புலவர்கள் ‘துய்த்தலை’ என்றார்கள். பந்தின் தலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

இச்சொல்லை நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம், அது வினைகளோடு எளிதாகச் சேர்வதே. ரப்பர் அரைக்கோளங்கள் இரண்டை உள்ளே அழுத்தம் இருக்கும்படி ஒட்டி உருண்டையாக்கி, அதன்மேல் பசை பூசி, இடை சிறுத்து உடுக்கை வடிவில் வெட்டிய இரண்டு துணித் துண்டுகளை ஒன்றையொன்று தழுவும்படி சுற்றிய பின், பந்து சூடான அச்சுக்குள் செல்கிறது. வெளியே வரும்போது துய் படிந்து, பந்து வழுவழுப்பாகத் தெரியும். நீராவியில் உருட்டியதும் துய் எழும். ஆட்டத்தில் அது உதிரும். துய் எழுந்த பந்து காற்றில் வேகம் இழக்கும். துய் படிந்த பந்து விரையும். முதல் சர்வீஸுக்கு முன் ஆட்டக்காரர்கள் மூன்று நான்கு பந்துகளைப் புரட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்குவது பெரும்பாலும் இதற்காகத்தான். இத்தனையையும் ‘கம்பளி’யை வைத்துச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

ஒரு தடை உண்டு. ‘துய்த்தல்’ என்றால் நுகர்தல் என்பதே இன்று பலரும் அறிந்த பொருள். நான் முதலில் எண்ணிய ‘துய்த்துணி’யை, யாரோ எதையோ துய்த்து உண்பதாகப் பிரித்துப் படிக்கவும் இடமிருக்கிறது. ஆகவே அதைக் கைவிடுகிறேன். மேலுறைக்குத் ‘துய்யுறை’ என்றும், நீராவிப் படிநிலைக்குத் ‘துய்யெழுப்பல்’ என்றும் கொண்டால் இந்தக் குழப்பம் நேராது.

துண்டுகள் சந்திக்கும் வெண்கோட்டைத் ‘தையல்’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். கிரிக்கெட் பந்தில் உண்மையாகவே நூல் ஓடுகிறது. இங்கே ஓர் இழைகூட ஓடவில்லை. துண்டுகளின் விளிம்பில் தோய்த்த பசை, அச்சின் சூட்டில் இறுகி உண்டாகும் கோடு அது. ‘பொருத்து’ என்றால் போதும்.