ஆறாயிரம் ரூபாய்க்குள் சைக்கிள் கியர்: மூன்று பிளேட்டா, ஒற்றை பிளேட்டா?

பழைய_பிரேம்:
மாமா வீட்டு மாடியில் கிடந்த 26 இஞ்ச் ஸ்டீல் சைக்கிள் பிரேமைத் தூக்கிவந்து பெயின்ட் அடித்துவிட்டேன். பிரேக் தேறிவிட்டது. முன்னால் பெடல் மாட்டும் பழைய கிராங்க், 42-34-24 பல் என்று மூன்று பிளேட் (பல் சக்கரம்), பல் தேயாமல் இருக்கிறது. பின்வீல், கியர், ஷிஃப்டர் எல்லாம் வாங்கவேண்டும். கையில் 6000 ரூபாய். தினமும் மதுரை திருநகரில் இருந்து காளவாசல், ஞாயிறு அழகர்கோவில், வருடத்துக்கு ஒருமுறை சிறுமலை. பின்னால் ஏழு பல் சக்கரம் உள்ள ஷிமானோ டூர்னி ஏழு ஸ்பீடா, இல்லை முன்னால் ஒரே பிளேட் வைத்து மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் ஒன்பது ஸ்பீடா? அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வண்டி ரோட்டில் இறங்கவேண்டும்.

நாகமலை_மிதி:
டூர்னி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 14 முதல் 34 பல் வரை உள்ள ஃப்ரீவீல் போடுங்கள், அதாவது சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மரையால் திருகி மாட்டும் பின்பல் கொத்து. போன வருடம் உசிலம்பட்டி தாண்டிக் கேபிள் அறுந்தது. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் கேபிளை மாட்டி, ஸ்க்ரூவை இரண்டு திருகு திருகிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டேன். அட்வென்ட் ஷிஃப்டர் ஒடிந்தால் கூரியர் வருகிறவரை வண்டியைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒத்தை_பிளேட்டு:
கேபிள் எந்தக் கியருக்கும் ஒரே கேபிள்தான் அண்ணே, அதற்கு டூர்னியை ஏன் புகழ்கிறீர்கள்? முன்கியர் என்பதே தலைவலி. செயின் அதன் கூண்டில் உரசி கர்ர்ர் என்று கத்தும், ஏற்றத்தில் பிளேட் மாற்றினால் செயின் உள்பக்கம் விழும், கை கரியாகும். ஒற்றை பிளேட்டில் ஒரு பல் தடிமன், அடுத்த பல் மெல்லிசு, செயினைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அட்வென்ட் ஆர்.டி.யில், அதாவது பின்னால் செயினைப் பல் சக்கரம் மாற்றும் கருவியில், கிளட்ச் வேறு, குழியில் விழுந்தாலும் செயின் ஆடாது. முன்னால் 34 பல், பின்னால் 11-42. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் பெரிய கியர் 3.09, சின்னது 0.81. உங்கள் டூர்னியின் பெரிய கியர் 42-க்கு 14, வெறும் 3. எதை இழந்தோம்?

நாகமலை_மிதி:
சின்னதை இழந்தீர்கள். 24-க்கு 34 என்றால் 0.71. நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் என் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறும், உங்களுடையது 6-ஐ ஒட்டிப் போகும். ஒரு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு தம்பி, பத்தாவதில் வந்து சொல்லுங்கள். அப்புறம் 6000-க்குள் பின்வீல், கேசட் (ஹப்பில் செருகி மாட்டும் பின்பல் கொத்து), ஆர்.டி., ஷிஃப்டர், செயின், புதுப் பிளேட் என்று கூட்டிப் பார்த்தீர்களா?

ஒத்தை_பிளேட்டு:
இரண்டு மாதம் பொறுத்து வாங்கட்டும். மட்டமானதை இரண்டு தடவை வாங்குவதற்கு நல்லதை ஒரு தடவை வாங்கலாம்.

ஐராவதநல்லூர்_அக்கா:
இரண்டு பேரும் பிளேட்டிலேயே நிற்கிறீர்கள், அவர் வாங்கப்போவது பின்வீல். அந்த ஹப்பைப் பற்றி யாராவது வாயைத் திறந்தீர்களா?

ஃப்ரீவீல் ஹப்பில் வலதுபக்கப் பேரிங் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உள்பக்கமே நின்றுவிடும். அதற்கு வெளியே பிரேம் வரைக்கும் ஆக்சில் (அச்சு) தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஏழு ஸ்பீடு என்றால் அந்த நீட்டல் இன்னும் அதிகம். ஷிமானோ கேசட் ஹப்பில் குண்டுகளை வெளி ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். என் பழைய வண்டியில் இரண்டு ஆக்சில் வளைந்தது. இரண்டாவதைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் உருட்டினேன், நடுவே வெளிச்சம் தெரியத் தெரியத் தத்திக்கொண்டு ஓடியது. அந்த ஃப்ரீவீலைக் கழற்றவே வைஸில் கடித்து இரண்டு பேர் சக்கரத்தைத் திருக வேண்டியிருந்தது. மிதிக்க மிதிக்க மரை இறுகிக்கொண்டே போகிற சாமான் அது.

நான் சொல்வது: பணத்தில் பாதியைக் கேசட் ஹப் உள்ள வீலுக்குக் கொடுங்கள். பின்னால் 8 ஸ்பீடு 11-34. ஆர்.டி. டூர்னியே போதும், 8 ஸ்பீடு ஷிமானோ ஷிஃப்டருக்கும் அதற்கும் கேபிள் இழுப்பு அளவு ஒன்றுதான். 6, 7, 8 ஸ்பீடு மூன்றுக்கும் ஒரே செயின். கிராங்க் இருக்கிறது. முன்கியருக்குச் சொடுக்கு இல்லாத, கட்டைவிரலால் தள்ளும் பழைய தம் ஷிஃப்டர் போட்டால் உரசும்போது விரலால் இம்மி தள்ளிக்கொள்ளலாம், கர்ர்ர் பிரச்சினையும் தீர்ந்தது.

நாகமலை_மிதி:
அக்கா, என் ஃப்ரீவீல் நாலு வருடமாக ஓடுகிறது. வருடம் ஒரு ஓவராயிலிங், அவ்வளவுதான். ஆக்சில் அம்பு மாதிரி இருக்கிறது.

ஐராவதநல்லூர்_அக்கா:
நீங்கள் எத்தனை கிலோ?

நாகமலை_மிதி:
58.

பழைய_பிரேம்:
நான் 92.

ஒத்தை_பிளேட்டு:
😂 அப்ப ஃப்ரீவீல் அவுட். ஆனாலும் தம் ஷிஃப்டரைத் தடவிக்கொண்டு காளவாசல் சிக்னலில் நிற்பதை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஐராவதநல்லூர்_அக்கா:
காளவாசல் போக முன்கியரில் கைவைக்கவே வேண்டாம், நடுப் பிளேட் போதும். வீல் வாங்குமுன் பிரேமில் பின் ஆக்சில் உட்காரும் காதுகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 135 மில்லிமீட்டர் வேண்டும். நாலைந்து குறைந்தால் பரவாயில்லை, ஸ்டீல் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். அலுமினியம் என்றால் இந்த வேலையே கூடாது.

பழைய_பிரேம்:
அளந்தேன், 132. ஆர்.டி. மாட்டக் காது தனியாக இல்லை.

நாகமலை_மிதி:
அதற்கு டூர்னியிலேயே கொக்கியோடு வருவது இருக்கிறது, பின் ஆக்சிலோடு சேர்த்து முடுக்கிவிடலாம். அட்வென்ட் வாங்கியிருந்தால் கொக்கிக்குத் தனியாக அலைந்திருப்பீர்கள். ஹப்பில் தோற்றேன், ஆர்.டி.யில் தோற்கவில்லை.

ஒத்தை_பிளேட்டு:
நீங்கள் சொன்னது டூர்னி ஏழு ஸ்பீடு. அவர் போடப்போவது எட்டு.

பழைய_பிரேம்:
வீலுக்குச் சொல்லிவிட்டேன். கோட்டம் எடுத்து வெள்ளிக்கிழமை தருவதாகக் கடைக்காரர் சொன்னார். பெடல் யாரிடமாவது பழசு இருக்கிறதா?