ஒரே மூடி, மூன்று உயரம்: டப்பா மேல் டப்பா நிற்கமாட்டேன் என்கிறது

மூடிதேடி:

வணக்கம். வீட்டில் சாமான் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் டப்பா செட் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். தொழில் வேறு, இது ராத்திரி வேலை. உயரம் மூன்று: 60, 100, 140 மிமீ. மூன்றுக்கும் வாய் ஒன்றுதான், 150 மிமீ சதுரம். ஒரே மூடி மூன்றுக்கும் பொருந்த வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பாடே. டப்பா ஒரு கையில், மூடி எங்கே என்று தேடித் தேடி அலுத்துப்போன ஆள் நான்.

நிறைந்திருக்கும்போது ஒன்றன் மேல் ஒன்று நிற்க வேண்டும். காலியானால் ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும். சுவர் 1.2 மிமீ, எல்லாச் சுவருக்கும் 3 டிகிரி சாய்வு. கடைசியில் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்ப்பதாக எண்ணம். இப்போதைக்கு வீட்டு 3டி பிரிண்டரில், பிஎல்ஏ என்ற பிரிண்டர் பிளாஸ்டிக்கில் 11 டப்பா, 7 மூடி எடுத்துப் பார்த்துவிட்டேன்.

மூடியின் மேல் ஒரு பள்ளம் கொடுத்திருக்கிறேன், மேலே வரும் டப்பாவின் அடி அதில் உட்காருவதற்கு. நடு அளவு டப்பா அதில் கச்சிதமாக உட்காருகிறது. 140 மிமீ டப்பாவை வைத்தால் பள்ளத்துக்குள் பக்கத்துக்கு 2 மிமீ வழுக்குகிறது. 60 மிமீ டப்பா பள்ளத்தில் இறங்கவே இல்லை, வரப்பின் மேல் ஏறி நிற்கிறது. கோப்பில் ஏதோ பிழை என்று இரண்டு நாள் தேடினேன், அகப்படவில்லை.

அடுத்தது, காலி டப்பாக்கள். இரண்டு 100 மிமீ டப்பாவை ஒன்றுக்குள் ஒன்று வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். பிறகு உள்ளே இருப்பதைப் பிடித்து இழுத்தால் வெளியே இருப்பதும் கூடவே வருகிறது. விளிம்பைப் பிடித்து உதறினேன். வெளிப்பக்கம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் மூலையில் ஸ்கேல் நுனியை நுழைத்தேன். ‘பொளக்’கென்று காற்று உள்ளே போன சத்தம், இரண்டும் பிரிந்தன. பிரிந்தபோது அந்த மூலையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

மூன்றாவது, மூடி. ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழுகிறது. அதை அழுத்தினால் இது எழுகிறது. நான்கையும் ஒரே நேரத்தில் அழுத்த இரண்டு கை போதவில்லை. அப்புறம் நான்கு டப்பாவில் இரும்பு வாஷர் நிரப்பி ஒரு ராத்திரி அடுக்கி வைத்தேன். காலையில் அடிமூடியின் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் 3 மிமீ இடைவெளி.

இதில் எது பிஎல்ஏவின் குற்றம், எது என் குற்றம்? வார்ப்பதற்கான இரும்பு அச்சு செய்யக் கொடுத்த பிறகு தெரிந்தால் தாங்காது.

—

அச்சுப்பட்டறை:

சரி, கோப்பில் பிழை இல்லை. பிழை உங்கள் ‘எல்லாச் சுவருக்கும் 3 டிகிரி’யில் இருக்கிறது. வாயும் சாய்வும் ஒன்றாக இருந்து உயரம் மட்டும் மாறினால், அடி மாறாமல் எப்படி இருக்கும்? உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். 60 மிமீ டப்பாவின் அடி 143.7, 100 மிமீ டப்பாவுக்கு 139.5, 140க்கு 135.3. மூடியில் பள்ளம் ஒன்றே ஒன்று. அது மூன்று அடிக்கு எப்படிப் பொருந்தும்? முதல் செட் வரைகிற எல்லோரும் இங்கேதான் விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன், அதுவும் இரும்பை வெட்டிய பிறகு.

தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் அடியை நிலைநிறுத்துங்கள், 138 மிமீ என்று வைத்துக்கொள்வோம். வாய் 150. அப்படியென்றால் பக்கத்துக்கு 6 மிமீ உள்வாங்கல், மூன்றுக்கும் அதேதான். சாய்வு தானாக வந்துவிடும்: குட்டைக்கு 5.7 டிகிரி, நடுவுக்கு 3.4, நெட்டைக்கு 2.5 (எல்லாம் ஏறக்குறைய). பள்ளம் 139 மிமீ, பக்கத்துக்கு அரை மிமீ தளர்வு.

இதில் கூடுதலாக ஒரு லாபம் இருக்கிறது. ஒரே மாதிரி டப்பாவை ஒன்றுக்குள் ஒன்று வைத்தால், உள்ளே போனது எவ்வளவு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது சுவர்த் தடிமனை சாய்வின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும். 1.2 மிமீ சுவருக்கு 1 டிகிரி சாய்வு என்றால் 69 மிமீ நீட்டும், செருகியும் புண்ணியமில்லை. 3 டிகிரிக்கு 23, 5 டிகிரிக்கு 14. அடி 138 என்று நிலையாக வைத்தால் உங்கள் மூன்று அளவும் 12, 20, 28 மிமீ நீட்டும். அதாவது ஒவ்வொன்றும் தன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் இந்தக் கணக்கு சுவரும் சுவரும் ஒட்டி நிற்கிற நிலை. அந்த நிலைக்கு டப்பாவை விடவே கூடாது, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். கூடவே காற்றுக்கு வழியில்லாமல் உறிஞ்சிப் பிடித்திருக்கிறது. உள்சுவரில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு சின்னத் தாங்கிகள் வையுங்கள். மேலிருந்து வரும் டப்பாவின் அடி அந்தத் தாங்கியில் உட்கார வேண்டும், சுவர் ஒட்டுவதற்கு 2 அல்லது 3 மிமீ முன்னாலேயே. சுற்றிலும் இடைவெளி இருந்தால் காற்று தானாகப் போய்வரும். தாங்கியின் தடிமன் சுவரில் பாதிக்கு மேல் போக வேண்டாம். போனால் வெளிப்பக்கம் குழி விழுந்து அழகைக் கெடுக்கும்.

நடு தொய்வதற்கு வருகிறேன். மேல் டப்பாவின் பாரம் மூடியின் நடுவுக்குப் போகவே கூடாது. டப்பாவின் அடித்தட்டை நடுவில் 1 மிமீ உயர்த்தி விடுங்கள், ஓரம் மட்டும் தரையைத் தொடட்டும். வார்க்கும்போது பிளாஸ்டிக் நுழைகிற கேட் அடியின் நடுவில்தான் வரும். அங்கே மிஞ்சுகிற சின்ன மொட்டும் தரையில் இடிக்காது, டப்பா ஆடாது. மூடியில் பள்ளத்தின் படி 4 மிமீ ஆழமாவது இருக்கட்டும். வெறும் தட்டு தொய்யும், மடிப்பு உள்ள தட்டு அவ்வளவு எளிதில் தொய்யாது. அந்தப் படி சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. சாய்வை அதிகமாக வைத்தால் அடி உள்ளே போகும், பாரமும் சுவரை விட்டு உள்ளே போகும். செருகலுக்கும் அடுக்கலுக்கும் உள்ள சண்டையே இதுதான்.

ஒரு ராத்திரி சோதனையை நம்பாதீர்கள். பாலிபுரோப்பிலீன் பாரத்தில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும், சூட்டில் இன்னும் வேகமாக. வெயில் படுகிற இடத்தில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்.

—

அலமாரிக்காரி:

எனக்கு வரையத் தெரியாது, டப்பா கழுவத் தெரியும். அதனால் ஒரு கேள்வி. காலி டப்பா ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும் என்று யார் கேட்டார்கள்? என் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு டப்பாவுக்கு மேல் காலியாக இருந்ததே இல்லை. அந்த வசதிக்காக எல்லா டப்பாவும் அடியில் குறுகி, அலமாரியில் இரண்டு டப்பாவுக்கு நடுவே கையளவு காற்றை அடைத்துவைத்திருக்கிறேன்.

எனக்கு எப்போதும் வேண்டியது அடியில் இருக்கும் டப்பாதான். அதை எடுக்க மேலே உள்ள மூன்றையும் இறக்க வேண்டும். பள்ளம் 4 மிமீ ஆழம் என்றால் மேல் டப்பாவை முன்பக்கம் தள்ளி எடுக்க முடியாது, தூக்கித்தான் எடுக்க வேண்டும். அலமாரித் தட்டு தலைக்கு மேல் இருந்தால் அதுவும் முடியாது. முன்பக்கம் மட்டும் அந்த வரப்பைத் தாழ்த்திக் கொடுக்கலாமே?

ஈரக் கையோடு திறப்பதையும் யோசியுங்கள். மூடியில் விரல் நுழைக்க ஒரு காது வேண்டும், அது மூலையில் இருக்க வேண்டும். நடுவில் காது வைத்த மூடியை உரிக்க முடிவதில்லை, பெயர்க்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்புறம் மூடியின் அடிப்பக்க வாய்க்கால் ஒரு பிரஷ் நுனி போகிற அகலமாவது இருக்கட்டும். ரப்பர் வளையம் போடுவதென்றால் கழற்றி மாட்டுகிற மாதிரி போடுங்கள். கழற்ற முடியாத வளையத்தின் அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்து ஒரு செட்டையே நான் வெளியே போட்டிருக்கிறேன்.

—

வரைபலகை:

அலமாரிக்காரி சொல்வது பாதி சரி. செருகல் வீட்டுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், லாரிக்குத் தேவை. செருக முடியாத டப்பா என்றால் பெட்டி பெட்டியாகக் காற்றைத்தான் ஏற்றி அனுப்ப வேண்டும். அடுக்குவது ஒன்றே போதும் என்று முடிவெடுத்தால் ஜெர்மன் வடிவமைப்பாளர் வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் 1938இல் வடிவமைத்த ‘கூபுஸ்’ கண்ணாடிப் பாத்திரங்களைப் பாருங்கள். வெவ்வேறு அளவுகள், ஒன்றின் தளம் மற்றொன்றின் தளத்தில் அடங்கும் கணக்கு, அடுக்கினால் ஒரே கட்டமாக நிற்கும்.

சாய்வுக்கு இடம் எவ்வளவு போகிறது என்று கேட்டால், 150 மிமீ வாய், 100 மிமீ உயரத்துக்கு 3 டிகிரியில் கொள்ளளவு ஏறக்குறைய 7 சதவீதம் குறையும், 5 டிகிரியில் 11. பெரிய நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

நான் எழுத வந்தது பிஎல்ஏ பற்றி. அடுக்கு எப்படி நிற்கிறது, கையில் எப்படி இருக்கிறது என்பதற்குப் பிரிண்ட் நல்ல சாட்சி. மூடிப் பிடிப்புக்கு அது பொய்ச்சாட்சி. பிஎல்ஏ விறைப்பானது, வளைவதற்குள் உடையும். பிரிண்டின் வரிவரியான பரப்பு ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இல்லாத பிடிப்பைக் காட்டும். அதே வடிவத்தைப் பாலிபுரோப்பிலீனில் வார்த்தால் வழுவழுவென்று கழன்று வந்துவிடும்.

இன்னொன்று, சுருக்கம். பாலிபுரோப்பிலீன் ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும், ரகத்தையும் வார்க்கும் விதத்தையும் பொறுத்து. 150 மிமீக்கு அது 1.5 மிமீயும் ஆகலாம், 3.75 மிமீயும் ஆகலாம். அரை மிமீ தளர்வை வைத்து மூடி வரைகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! டப்பாவையும் மூடியையும் ஒரே ரகத்தில் வார்த்தால் ஓரளவு சேர்ந்து சுருங்கும். வார்த்த உடனே அளக்காதீர்கள், ஒரு நாள் இரண்டு நாள் கழித்து அளவு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சதுர டப்பாவின் சுவர் நடுவில் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், வரையும்போதே சுவரை அரை மிமீயாவது வெளியே பிதுக்கி வரைவது வழக்கம்.

மூடிக்கு மட்டும் பாலிஎத்திலீன் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வளைந்துகொடுக்கும், நன்றாகக் கவ்வும். டப்பர்வேர் டப்பாக்களை உருவாக்கிய ஏர்ல் டப்பர் பெயின்ட் டின் மூடியைத் தலைகீழாக்கின மாதிரி செய்து 1949இல் காப்புரிமை வாங்கிய மூடியும் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கானதுதான். ஆனால் அந்த மென்மையான மூடியின் மேல் மூன்று டப்பா ஏற்றினால் ஸ்கேல் வைத்துப் பார்க்கவே வேண்டாம், தொய்வு கண்ணுக்கே தெரியும்.

—

மூடிதேடி:

எல்லோருக்கும் நன்றி. 138 அடியில் மூன்றையும் நேற்று மறுபடி எடுத்தேன். மூன்றும் ஒரே பள்ளத்தில் உட்காருகின்றன. குட்டை மேல் நெட்டை, நெட்டை மேல் குட்டை, எப்படி வைத்தாலும். பத்து நிமிடம் சும்மா மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். தாங்கி வைத்த டப்பா இரண்டு விரலில் பிரிகிறது.

அக்கா, முன்வரப்பை 1.5 மிமீயாகத் தாழ்த்திவிட்டேன். முன்பக்கம் லேசாகத் தூக்கி இழுத்தால் வருகிறது. காதும் மூலைக்குப் போய்விட்டது.

மூலை அழுத்தினால் எதிர்மூலை எழுவது மட்டும் அப்படியே இருக்கிறது. மூடியின் உள்விளிம்பில் சுற்றிலும் 0.6 மிமீ கவ்வுமேடு ஓடுகிறது. அதைக் குறைத்தால் பிடிப்பு போய்விடுமோ என்று பயம்.

—

அச்சுப்பட்டறை:

உயரத்தைக் குறைக்க வேண்டாம், நீளத்தைக் குறையுங்கள். சதுர மூடியில் வளைந்துகொடுப்பது பக்கத்தின் நடுப்பகுதி. மூலை வளையாது. வளையாத இடத்தில் மேடு வைத்தால் அது உள்ளே போகாமல் முட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றை இறக்கினால் மற்றொன்று எழும். மூலைக்கு மூலை மேட்டை நிறுத்திவிட்டு, பக்கத்துக்கு 60 மிமீ நீளத்துக்கு மட்டும் விடுங்கள். அச்சிலிருந்து கழற்றும்போதும் இதுதான் நல்லது. மேடு உள்ள மூடி அச்சை விட்டு விரிந்துதான் வெளியே வரும், மூலையில் விரிய இடமில்லை. கசியாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மெல்லிய உதடு ஒன்று சுற்றிலும் ஓடட்டும், கவ்வும் வேலையை அதன் தலையில் வைக்காதீர்கள். மூலை வளைவையும் 20 மிமீக்குக் குறையாமல் வையுங்கள்.

அச்சு செய்கிறவரிடம் முதல் வெட்டில் மேட்டை 0.4 மிமீ மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மூடி கொஞ்சம் தளர்வாகத்தான் வரும், பரவாயில்லை. இரும்பை மேலும் 0.1, 0.1 ஆகத் தோண்டி இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். அதிகமாகத் தோண்டிவிட்டால் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி வெட்ட வேண்டும்.

அந்த இரண்டு வாரச் சோதனையை வைத்துவிட்டு ஸ்கேலோடு வாருங்கள்.