பெண்கள் தனிச்சிறையில் காவலர் பணி: உள்ளே இருந்தவர்களின் அனுபவப் பகிர்வு

கேள்வி

என் அக்காள் மகள் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறி, சிறைத்துறையில் இடம் பெற்றிருக்கிறாள். அவளுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் வீட்டில் மற்ற எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறார்கள். காவல் நிலைய வேலை எப்படி இருக்கும் என்று எங்களால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பெண்கள் சிறைக்குள் ஒரு காவலர் நாள் முழுவதும் என்னதான் செய்கிறார் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அங்கே பணியாற்றியவர்கள் நேரில் கண்டதை எழுதினால், அவளுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் காட்டுவேன்.

பணியில் உள்ள காவலர் ஒருவர்

முதலில் அவருக்கு என் வாழ்த்துகள். காவல்துறை, சிறைத்துறை, தீயணைப்புத்துறை ஆகிய மூன்றுக்கும் சேர்த்துச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்தத் தேர்வில், சிறைத்துறையில் பெண்களுக்கு ஒதுக்கப்படும் இடங்கள் மிகக் குறைவு. 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடித்து, நீளம் தாண்டி, குண்டு எறிந்து வந்தவருக்கு உடல் வலிமையைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வில் உளவியல் என்ற பெயரில் 25 கேள்விகள் வரும். அவை பெரும்பாலும் எண் வரிசைகளும் உறவுமுறைக் கணக்குகளும்தான் என்பது அவருக்கே தெரியும். இந்த வேலைக்கு வேண்டிய உளவியலை, புதிதாக வருபவர்களைப் பதிந்து உள்ளே எடுக்கும் அட்மிஷன் டூட்டியில்தான் படிக்கத் தொடங்குவோம்.

எனக்கு அந்த டூட்டி கிடைத்த தொடக்க நாட்களில், நிலத் தகராறு ஒன்றில் கைதான வயதான அம்மாள் ஒருவரை, எல்லோரையும் அறைகளில் வைத்துப் பூட்டும் மாலை அடைப்புக்குச் சற்று முன்னால் பெண் போலீசார் அழைத்து வந்தார்கள். நீதிமன்ற வாரண்டைச் சரிபார்த்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, வழக்கின் பிரிவு எல்லாம் எழுதி, அங்க அடையாளம் இரண்டைக் குறித்த பிறகு நகைகளைக் கழற்ற வேண்டும். அந்த அம்மாளின் மூக்குத்தியோ பல ஆண்டுகளாகக் கழற்றப்படாமல் திருகு இறுகிப் போயிருந்தது. என்னுடன் இருந்த மூத்த அக்கா சமையற்கூடத்திலிருந்து தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து, ஒரு சொட்டு விட்டு, ஊற வைத்து, குழந்தைக்குக் காது குத்தும் பொறுமையோடு அதைக் கழற்றினார். பதிவேட்டில் நான் தங்க மூக்குத்தி என்று எழுதப் போனேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, 'மஞ்சள் நிற மூக்குத்தி, வெள்ளைக் கல் ஒன்று' என்று எழுதச் சொன்னார். அது தங்கமா, கல் வைரமா என்று உரசிப் பார்க்கும் வேலை நமக்கு இல்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதி அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டால், விடுதலையாகும் நாளில் வம்பு வராது.

எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள், "நாளைக்குப் போயிரலாமா தாயி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, "அது கோர்ட்டு கையில இருக்கும்மா. இப்ப சாப்பிட்டுப் படுங்க, காலையில டாக்டரம்மா பாப்பாங்க" என்று முடித்துவிட்டார். புதியவர்களுக்கு அவர் தவறாமல் சொல்லும் பாடம் இதுதான்: எந்தச் சிறைவாசிக்கும் தேதி சொல்லாதே. நாம் ஆறுதலுக்குச் சொன்ன தேதியை அவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த நாள் ஒன்றும் நடக்காமல் கழிந்துவிட்டால், அன்றைய இரவுப் பாரா, அதாவது இரவுக் காவல், நமக்குப் பெரும் பாடாகிவிடும்.

பெண் சிறைவாசியைப் பெண் பணியாளரே சோதனையிட வேண்டும் என்று 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே சொல்கிறது. சோதனையைத் திரைக்குப் பின்னால், பரபரப்பில்லாமல், என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்லிவிட்டுச் செய்பவரை அந்தப் பெண் அதன் பிறகு எத்தனை மாதம் உள்ளே இருந்தாலும் மரியாதையோடு நடத்துவார். அதட்டிச் செய்தவருக்கு அந்த மரியாதை கிடைப்பதை நான் பார்த்ததில்லை.

மற்றபடி நாள் முழுவதும் ஆள் எண்ணும் கணக்குதான். காலையில் திறக்கும்போது கணக்கு, உணவு நேரத்தில் கணக்கு, மாலையில் அடைக்கும்போது கணக்கு. நீதிமன்றத்துக்குப் போனவர், மருத்துவமனைக்குப் போனவர், அன்று புதிதாக வந்தவர் என எல்லோரையும் கூட்டிக் கழித்துப் பதிவேட்டோடு பொருந்தினால்தான் டூட்டி மாற முடியும். ஒன்று குறைந்தால் வயிறு கலங்கும். ஒன்று கூடினாலும் அதே கலக்கம்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, மனுக் கொடுத்துச் சிறைவாசிகளை உறவினர் நேரில் பார்க்கும் மனு நாட்களைப் பற்றி. ஆண்கள் சிறைக்கு வெளியே மனு போட்டுப் பார்ப்பதற்காக அம்மாக்களும் மனைவிமாரும் பிஸ்கட், பழம், துணிமணி அடங்கிய பைகளோடு விடிந்ததிலிருந்தே வரிசையில் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு வரிசையே இருக்காது. இந்தியச் சிறைகளில் உள்ளவர்களில் பெண்கள் சுமார் 4 சதவீதம்தான் என்று 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கை சொல்கிறது. ஆகவே கூட்டம் குறைவதில் வியப்பில்லை. ஆனால், ஆண் உள்ளே போனால் வீடு அவனைத் தேடி வருவதும், பெண் உள்ளே போனால் அதே வீடு அவள் பெயரைச் சொல்லக்கூட மறுப்பதும் எண்ணிக்கையில் அடங்கும் விஷயமல்ல. தம்பியின் வழக்குக்காக ஊர் ஊராக அலைந்த அக்காள், தானே உள்ளே வந்தபோது அந்தத் தம்பி ஒருமுறைகூட எட்டிப் பார்க்காததை நான் கண்டிருக்கிறேன்.

இதனால், அந்தப் பெண் தினமும் காணும் வெளியுலக முகமாகக் காவலர் மட்டுமே மிஞ்சுகிறார். "ஒரே ஒரு போன் மட்டும் பண்ணிச் சொல்லிருங்க மேடம்" என்ற வேண்டுகோள் அங்கேதான் தொடங்குகிறது. கேட்பவர் அழுதுகொண்டே கேட்பார். கேட்பதும் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். ஆனால் இரக்கப்பட்டுச் செய்த அந்த ஒரு போனில் தொடங்கி, பிறகு கடிதம், பணம், பொருள் என்று வளர்ந்து, கடைசியில் பணியிடை நீக்கத்தில் முடிந்த கதைகள் துறையில் உண்டு. எழுத்து மூலம் மனு கொடுக்கச் சொல்லி, நல அலுவலரிடம் சேர்த்து, சிறையின் தொலைபேசி வசதியிலேயே பேச ஏற்பாடு செய்தால் நாலு நாள் தாமதமாகும் என்பது உண்மைதான். அந்த நாலு நாளும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு டூட்டி பார்ப்பதுதான் இந்த வேலை.

ஓய்வுபெற்ற முதல் தலைமைக் காவலர் ஒருவர்

மேலே எழுதிய தங்கை குழந்தைகளைப் பற்றிச் சொல்லவில்லை. ஆண்கள் சிறையில் பணியாற்றியவர்களுக்கு இந்தப் பகுதி அறவே தெரியாது என்பதால் நான் எழுதுகிறேன்.

தாயோடு குழந்தை ஆறு வயது வரை சிறையில் இருக்கலாம். ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளை விரிவாக வகுத்தது. குழந்தைக்குத் தனி உணவு, தடுப்பூசி, காப்பகம், பாலர் வகுப்பு எல்லாம் அதில் உண்டு. சிறைவாசி ஒருவர் பிரசவித்தால், பிறப்புப் பதிவில் பிறந்த இடம் சிறை என்று எழுதாமல் அந்தப் பகுதியின் முகவரியை மட்டுமே குறிக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. பிற்காலத்தில் பள்ளிக்கூட வாசலில் அந்தச் சான்றிதழை நீட்டப் போவது குழந்தைதானே!

மாலைக் கணக்கில் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுவோம். பெரியவர்களின் வரிசை எண்ணில் அவர்கள் வரமாட்டார்கள். என் பிளாக்கில் இருந்த சிறுவன் ஒருவனுக்கு இது பெரும் மனக்குறை. அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, தன் முறை வரும் என்று காத்திருப்பான். என் விரல் அவனைத் தாண்டிப் போய்விட்டால் உதட்டைப் பிதுக்குவான். ஆகவே கணக்கை முடித்துப் பதிவேட்டை மூடிய பிறகு, அவன் தலையில் விரலை வைத்து, "இது ஒண்ணு, சரியா இருக்கு" என்று உரக்கச் சொல்வேன். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து ஓடுவான். இதற்கு விதிமுறையில் இடம் உண்டா என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்கவில்லை.

ஆறு வயது நிறையும் நாள் திடீரென்று வருவதில்லை; எல்லோருக்கும் முன்பே தெரிந்த நாள் அது. உறவினர் யாராவது ஏற்பார்களா என்று விசாரிப்பது, இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழு வழியாக இல்லம் பார்ப்பது, அங்கிருந்து அம்மாவைப் பார்க்கக் குழந்தையை அழைத்து வரும் ஏற்பாடு ஆகியவற்றை மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்க வேண்டும். தாய்மார்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். அதற்காகத் தள்ளிப் போட்டால் கடைசி வாரத்தில் அவசரம் அவசரமாகப் பிரிக்க வேண்டியிருக்கும், அது குழந்தைக்கு இன்னும் கொடுமை. அந்தச் சிறுவனின் பாட்டி ஓரளவு மனம் இளகி ஏற்றுக்கொண்டார். பாட்டி இளகாத குழந்தைகளும் உண்டு.

புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கிப் போக ஆசையாகத்தான் இருக்கும். ஒரு குழந்தைக்குக் கொடுத்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும், அதையும் மேலதிகாரியின் அனுமதி பெற்று, கேட்டில் பதிந்து கொண்டுபோக வேண்டும். இது கடுமையாகத் தோன்றினாலும், ஒரு மிட்டாய்க்காக இரண்டு தாய்மார்கள் பல நாள் பேசாமல் இருந்ததைப் பார்த்தவள் நான்.

உதவி சிறை அலுவலர் ஒருவர்

முதல் பதிவில் உள்ள எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, ஒதுங்கி நிற்பதே இந்த வேலையின் சாரம் என்று அந்தப் பெண் முடிவு செய்துவிடக் கூடாது. நாம் செய்யலாம் என்று விதியே அனுமதிக்கிற காரியங்களைச் செய்யாமல், விதியைக் காட்டியே தட்டிக் கழிப்பவர்களையும் நான் நிறையப் பார்க்கிறேன்.

திருட்டு வழக்கில் வந்த ஒரு பெண்ணுக்கு ஜாமீன் கிடைத்தும் அவர் உள்ளேயே இருந்தார். இரண்டு பேர் ஜாமீன்தாரர்களாக வர வேண்டும் என்பது நிபந்தனை. கணவரோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கு ஜாமீன் கிடைத்ததே அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் புரியவில்லை. வழக்கறிஞர் ஏதோ சொன்னார் என்ற அளவில் இருந்தார். மாலை அடைப்பின்போது அவர் இன்னொருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு காவலர் கவனித்து வந்து என்னிடம் சொன்னார். ஜாமீன் உத்தரவு கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அறிவுறுத்தியிருக்கிறது. அதன்படி எழுதினோம். ஆணைக்குழுவின் வழக்கறிஞர் மனுச் செய்து நிபந்தனையைத் தளர்த்தியதும், அவர் ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் வெளியே போனார். இதில் நான் கையெழுத்துப் போட்டதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அந்தக் காவலரின் காதுதான் வேலை செய்தது.

அவர் வெளியேறிய விதத்தையும் சொல்ல வேண்டும். உத்தரவு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஊருக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டது. கணவர் வீட்டுக்குப் போகவும் அவருக்கு அச்சம். பெண் என்பதற்காக விடுதலையை நம் விருப்பப்படி தள்ளி வைக்கவும் முடியாது, அவரைத் தெருவில் விட்டுவிடவும் மனம் வராது. அவருடைய சம்மதத்தோடு, அருகிலிருந்த அரசு உதவி பெறும் தங்கும் இல்லத்துக்குப் பேசி, பெண் காவலர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினோம். இப்படிச் செய்ய எந்தப் படிவமும் இல்லை; செய்யக் கூடாது என்றும் எங்கும் எழுதவில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அவளுடைய அம்மாவுக்கு இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. உள்ளே அடிதடி நடந்தால் ஆயுதம் இல்லாத பெண் காவலர் என்ன செய்வார்? ஊருக்குப் பக்கத்தில் பணியிடம் கிடைக்குமா?

பணியில் உள்ள காவலர்

சண்டை உண்டு. குழாயடியில், படுக்கும் இடத்துக்காக, தொலைக்காட்சியில் எந்த அலைவரிசை என்பதற்காகக்கூட நடக்கும். குரலை உயர்த்தாமல் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் அனுப்பினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் விசில் இருக்கிறது, உடனே மற்றவர்கள் வந்துவிடுவார்கள். நாங்கள் உண்மையில் அஞ்சுவது சண்டைக்கு அல்ல, ஒரு பெண் தன்னைத்தானே வருத்திக்கொள்வதற்குத்தான். அதனால்தான் புதிதாக வந்தவரையும், தண்டனை அறிவிக்கப்பட்டுத் திரும்பியவரையும் முதல் சில இரவுகள் பாராவின் கண்ணில் படும் இடத்தில் படுக்க வைக்கிறோம். அடுத்த டூட்டிக்கு வருபவரிடம் சாவியைக் கொடுக்கும்போதே, இன்னார் இன்று சாப்பிடவில்லை, இன்னார் கோர்ட்டிலிருந்து வந்ததிலிருந்து பேசவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவோம்.

பணியிடம் பற்றி அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கு மட்டுமேயான தனிச்சிறைகள் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஐந்து இடங்களில்தான் உள்ளன. அவற்றைத் தவிர கொக்கிரகுளம், நிலக்கோட்டை போன்ற இடங்களில் பெண்கள் கிளைச் சிறைகள் இருக்கின்றன. ஆகவே ஊரைவிட்டு இருக்க வேண்டிவரலாம். இரவு டூட்டி முறை வைத்து வரும். தீபாவளி, பொங்கல் நாட்களில் எல்லோருக்கும் விடுப்புக் கிடைக்காது. பயிற்சிக்குப் போகும்போது நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஏனென்றால் கைப்பேசியைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.