பாசிகளுக்கு 'உறைதடுப்புப் புரதம்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

குளிர்வாழ் பாசிகள் பற்றிய பாடக்குறிப்பில் 'ஐஸ் பைண்டிங் புரோட்டீன்' (பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும் புரதம்) என்பதை 'உறைதடுப்புப் புரதம்' என எழுதலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். அச்சொல் அண்டார்க்டிக் மீன்களுக்குப் பொருந்தும். பாசிகளுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

1969இல் ஆய்வாளர் ஆர்தர் டிவ்ரீஸ் முதலானோர் விவரித்த அம்மீன்களின் குருதிப் புரதங்கள், நுண்ணிய பனிக்கட்டித் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் செய்வதால், ஏறத்தாழ −1.9 பாகை செல்சியஸ் கடல்நீரிலும் மீனின் உடல் உறைவதில்லை. ஃபிராஜிலாரியாப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்னும் ஒருசெல் டயாட்டம் பாசியின் நிலை வேறு. அது கடற்பனிக்கட்டிக்கு உள்ளேயே, உப்புநீர் தேங்கிய நுண்கால்வாய்களில் வாழ்கிறது. குளிர் கூடக்கூட நீர் பனிக்கட்டியாகப் பிரிந்துபோய், எஞ்சிய நீரில் உப்பு ஏறுவதால், குளிரும் உப்பும் சேர்ந்தே செல்லைத் தாக்குகின்றன. அந்நிலையில்தான் பனிக்கட்டியைப் பற்றும் புரதங்களுக்கான அதன் மரபணுக்கள் மிகுதியாகச் செயல்படுகின்றன.

பாசியின் இப்புரதங்கள் உறைநிலையைத் தாழ்த்துவது சிறிதளவே. சிறு படிகங்கள் கரைந்து பெரும்படிகங்கள் மேலும் பெருத்துச் செல்சவ்வைச் சிதைப்பதைத் தடுப்பதில்தான் அவற்றின் வலிமை இருக்கிறது. மின்தடையில் இளகிய ஐஸ்கிரீம் மீண்டும் உறைந்தபின் நாக்கில் நறநறப்பதும் படிகங்கள் இப்படிப் பெருத்துவிடுவதால்தான். இதனை 'மறுபடிகமாதல்' எனலாம். ஆய்வகத்தில் நாமே செய்யும் தூய்மைப்படுத்தலுக்கு 'மறுபடிகமாக்கல்' என்பது வழக்கில் இருப்பதால், தானே நிகழ்வதற்கு '-ஆதல்' ஈறே தகும்.

ஆகவே 'பனிப்பற்றுப் புரதம்' என்பதைப் பொதுச்சொல்லாக முன்மொழிகிறேன். சென்னையில் பனி என்றால் மார்கழி விடியலின் ஈரம்தானே என்ற தயக்கம் நியாயமானதே. ஆயினும் பனிப்பாறை, பனியுகம் ஆகிய சொற்களைப் பள்ளியிலேயே படித்த மாணவர் இதில் இடறமாட்டார். 'பனிக்கட்டிப் பற்றுப் புரதம்' இன்னும் துல்லியமானது, ஆனால் வகுப்பில் பத்துமுறை சொல்ல நீளமானது. ஒத்த புரதங்கள் பாக்டீரியாவிலும் பூஞ்சையிலும் உள்ளன. பாக்டீரியாவிலிருந்தே இம்மரபணுக்கள் பாசிகளுக்கு வந்திருக்கக்கூடும் என ஆய்வாளர் கருதுவதால், எல்லா உயிரிகளுக்கும் செல்லுபடியாகும் சொல்லே நமக்குத் தேவை. 'உறைதடுப்புப் புரதம்' அதன் ஓர் உட்பிரிவாக, மீன்களைப் பற்றிய பகுதியில் இருக்கட்டும்.

மாற்றுச்சொல் வைத்திருப்போர், அதை 'பனிப்பற்றுத் திறன்', 'பனிப்பற்றுப் பரப்பு' போன்ற கூட்டுச்சொற்களிலும் பொருத்திப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.