பெண் தலைவர் வந்தால் ஊராட்சியின் செலவு மாறுகிறதா? பீர்பூம் ஆய்வு குறித்து ஒரு கேள்வி

முதுகலை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். அரசியல் அறிவியலில் முதுகலை படிக்கிறேன். பெண் ஊராட்சித் தலைவர்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதத் திட்டமிட்டிருக்கிறேன். இத்துறையில் யாரைக் கேட்டாலும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் எக்கனாமெட்ரிகா இதழில் வெளியிட்ட கட்டுரையைத்தான் முதலில் காட்டுகிறார்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூரிலும், தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகள் கூடுதலாக நடந்தன என்பது அதன் முக்கிய முடிவு.

எனக்கு இரண்டு ஐயங்கள். பெண்ணைத் தலைவராக ஏற்கும் ஊர் ஏற்கெனவே வேறு பலவற்றிலும் மாறுபட்ட ஊராக இருக்கக்கூடும்; அப்படியிருக்க, தலைவர் பெண் என்பதால்தான் பணிகள் மாறின என்று எவ்வாறு உறுதியாகச் சொல்கிறார்கள்? அடுத்து, கையெழுத்து மனைவியுடையது, முடிவு கணவருடையது என்னும் நிலை பல ஊர்களில் இருப்பதை நாம் அறிவோம். அந்த ஆய்வின் முடிவைத் தமிழ்நாட்டுக்குப் பொருத்தி என் கருதுகோளை அமைப்பது சரியாகுமா?

புள்ளியியல் ஆசிரியர்:

உங்கள் முதல் ஐயம் நியாயமானது. ஆனால் அவர்கள் ஒப்பிட்டது பெண்ணை விரும்பித் தேர்ந்தெடுத்த ஊர்களை அல்ல, பெண்ணைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்திய ஊர்களை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும், அந்த ஒதுக்கீடு ஊராட்சிகளிடையே சுழன்றுவர வேண்டும் என்றும் வகுத்தது. மேற்கு வங்கத்தில் அதைப் பட்டியலின் வரிசை எண்ணைக் கொண்டு நிறைவேற்றினார்கள். ஊரின் செல்வமோ கல்வியோ அங்குள்ளோரின் மனப்போக்கோ அந்த வரிசை எண்ணில் இடம்பெறாததால், விளைவு குலுக்கல் போட்டதற்கு ஒப்பானது. ஆகவே பீர்பூமின் 161 ஊராட்சிகளில் ஒதுக்கப்பட்டவற்றுக்கும் ஒதுக்கப்படாதவற்றுக்கும் பின்னாளில் தெரிந்த வேறுபாட்டை ஒதுக்கீட்டின் விளைவாகக் கொள்ள முடிகிறது.

பலர் குடிநீர் முடிவைப் படித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். என் மதிப்பீட்டில் அக்கட்டுரையின் வலிமை சாலையைப் பற்றிய முடிவில்தான் இருக்கிறது. ஊராட்சிக்கு ஆண்களும் பெண்களும் கொண்டுவந்த கோரிக்கைகளைத் தனித்தனியே கணக்கிட்டபோது, குடிநீர் இரு மாநிலங்களிலும் பெண்கள் அதிகம் எழுப்பிய கோரிக்கையாக இருந்தது. சாலையோ மேற்கு வங்கத்தில் பெண்கள் அதிகம் எழுப்பிய கோரிக்கையாகவும், ராஜஸ்தானில் ஆண்கள் அதிகம் எழுப்பிய கோரிக்கையாகவும் இருந்தது. ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் நடந்த பணிகளும் அதன்படியே அமைந்தன: மேற்கு வங்கத்தில் சாலைகள் மேம்பட்டன, ராஜஸ்தானில் சாலைக்கான முதலீடு குறைந்தது. பெண் தலைவர்களுக்குத் திறமை குறைவு அல்லது கூடுதல் என்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு, ஒரே பணி ஓரிடத்தில் கூடி மற்றோரிடத்தில் குறைந்ததை விளக்க முடியாது.

கணவரைப் பற்றிய ஐயத்துக்கும் இதிலேயே பாதி விடை உண்டு. எல்லா இடங்களிலும் கணவரே முடிவெடுத்திருந்தால், ஒதுக்கீட்டினால் எந்த மாற்றமும் தெரிந்திருக்கக் கூடாது. சில ஊர்களில் அவர் முடிவெடுத்திருக்கலாம். சராசரி விளைவை முழுவதுமாக அழித்துவிடும் அளவுக்கு அது நடக்கவில்லை என்பதே இங்கே பெறப்படுவது. கோட்பாட்டுப் பகுதி எழுதும்போது, 1957இல் ஆண்டனி டவுன்ஸ் முன்வைத்த வாதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேட்பாளர்கள் அனைவரும் இடைநிலை வாக்காளரின், அதாவது விருப்பங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின், விருப்பத்தை நோக்கியே நகர்வார்கள் என்றால், பதவியில் அமர்பவர் யார் என்பது பொருட்டாகவே இருக்கக் கூடாது.

ஊரக வளர்ச்சிக் கள ஆய்வாளர்:

மேலே கூறப்பட்டதை மறுக்கவில்லை, ஆனால் தமிழ்நாட்டுக்கு வரும்போது வேறொரு கட்டுரையை முதலில் படிக்கச் சொல்வேன். ராடு பானும் விஜயேந்திர ராவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு நான்கு தென்மாநிலங்களின் ஊராட்சிகளை எடுத்துக்கொண்டது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. ஒதுக்கீட்டால் வந்த பெண் தலைவர்கள் ஆண் தலைவர்களைவிட மோசமாகச் செயல்படவில்லை, அதே வேளையில் பெண்களின் தேவைகளை முன்னிறுத்தி வேறுபட்ட முடிவுகளை எடுத்ததற்கும் சான்று கிடைக்கவில்லை என்று அது கூறுகிறது. ஆதிக்கச் சாதியினரின் பிடியில் நிலம் இருக்கும் ஊர்களில் பெண் தலைவர்களின் செயல்பாடு குறைவாகவும், அரசியல் அனுபவம் பெற்ற பெண்களிடம் கூடுதலாகவும் இருந்தது. எனவே ‘பெண் தலைவர்’ என்பதை ஒரே மாறியாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால், நம் ஊர்களைப் பொறுத்தவரை மிகக் குறைவாகவே தெரியவரும். சாதி, நிலம், முன் அனுபவம் ஆகியவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திட்ட நிதியில் பெரும்பகுதி இன்ன பணிக்கு என்று மேலிருந்தே முத்திரை குத்தி வருகிறது. தலைவரின் விருப்பத்துக்கு இடமில்லாத செலவை அளந்துவிட்டு விளைவு இல்லை என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

முதுகலை மாணவி:

இருவருக்கும் நன்றி. தமிழ்நாட்டில் 2016இல் ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஊரக உள்ளாட்சித் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மற்ற 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் நடந்தது. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி இரு தொகுதி மாவட்டங்களையும் ஒப்பிடலாமா?

புள்ளியியல் ஆசிரியர்:

அவ்வாறு செய்ய வேண்டாம். அந்த ஒன்பதும் மாவட்டப் பிரிப்பையும் வார்டு மறுவரையறையையும் ஒட்டித் தள்ளிப்போனவை. குலுக்கலில் விழுந்தவை அல்ல. போதாக்குறைக்கு, இடைப்பட்ட காலத்தில் கொரோனாவும் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக, உங்கள் மாவட்டத்தில் ஒதுக்கீட்டு ஊர்கள் எந்த விதியின்படி முடிவு செய்யப்பட்டன என்பதை முதலில் அரசாணையில் பார்த்து உறுதி செய்யுங்கள். மக்கள்தொகை விகிதத்தின் இறங்குவரிசைப்படி என்றால், ஒதுக்கீடு எந்த ஊரோடு நிற்கிறதோ அந்த வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் உள்ள ஊர்களை மட்டும் ஒப்பிடலாம். அவை மற்றபடி ஏறத்தாழ ஒரே தன்மையுடையவையாக இருக்கும்.

செலவை மட்டுமே அளக்காமல், ஒதுக்கீடு நீங்கிய பிறகு என்ன ஆயிற்று என்றும் பாருங்கள். ரிகில் பவ்னானி மும்பை மாநகராட்சி வார்டுகளை ஆராய்ந்து 2009இல் எழுதியதில், முன்பு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுப் பின்னர் பொதுவாக்கப்பட்ட வார்டுகளில் பெண் வெற்றிபெறும் வாய்ப்பு, முன்பு ஒதுக்கப்படாத வார்டுகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது.

காவல்துறைப் புள்ளிவிவரத்தைத் தொடுவதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. லட்சுமி ஐயர் உள்ளிட்ட நால்வர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீடு வந்தபின் பெண்களுக்கு எதிரான குற்றப் பதிவுகள் கணிசமாக உயர்ந்தன. பாலினம் சாராத மற்ற குற்றங்களில் அத்தகைய உயர்வு இல்லாததைக் காட்டி, உயர்ந்தது குற்றம் அன்று, புகார் அளிக்கும் துணிவும் அதைப் பதிவு செய்யும் போக்குமே என்று அவர்கள் நிறுவினார்கள். பதிவேட்டு எண்ணிக்கையை அப்படியே நிகழ்வின் எண்ணிக்கையாகக் கொண்டிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்.

ஊரக வளர்ச்சிக் கள ஆய்வாளர்:

கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டிலும் இதே சிக்கல் உண்டு. வருகைக் கையெழுத்துகளை மட்டும் எண்ணாமல், பெண்கள் கொடுத்த மனுக்களில் எத்தனை தீர்மானமாயின, அவற்றில் எத்தனை பணியாணை வரை சென்றன என்று மனு மனுவாகத் தொடர்ந்து பாருங்கள். ஆட்களைத் திரட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம். பணியாணையை அப்படி வாங்க முடியாது.